விருந்தினர் ஓய்வெடுக்கிறார்

ஆகஸ்டு ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், செத்துப்போன ஒரு மீன் உயிரோடு இருந்ததாக ஒரு சங்கம் ஒருமனதாகத் தீர்மானித்தது. அந்தத் தீர்மானத்தால், உயிரோடு இருக்கும் ஒரு பெண்மணியின் பிழைப்பு போயிற்று. என் மனக்குறை இவ்வளவுதான். படித்தவர்கள் பலர் ஒன்றுகூடி ஒரு பொய்யைச் சொல்லும்போது அதில் யார் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டவேண்டியிருப்பதால், கதை சற்று நீளும்.

சங்கத்தின் பெயர் உப்புநீர் இறகுத்தூண்டில் அறநெறிச் சங்கம். இறகுத்தூண்டிலில் புழுவும் கிடையாது, வேறு இரையும் கிடையாது. பறவையின் இறகையும் பட்டு நூலையும் முள்ளில் சுற்றி ஒரு பூச்சியைப்போலச் செய்து, நீண்ட கோலால் அதைக் காற்றில் முன்னும் பின்னும் வீசி, கடல்நீரின்மேல் மெல்ல இறக்கவேண்டும். மீன் அதைப் பூச்சி என்று நம்பிக் கவ்வும். கவ்விய மீனை இழுத்து, அளந்து, படமெடுத்து, மறுபடியும் கடலிலேயே விட்டுவிடவேண்டும். இதற்காகச் சங்கத்தார் ஆண்டுதோறும் விமானமும் கப்பலும் மாறி மாறி ஏறித் தொலைதூரத் தீவு ஒன்றுக்குப் போய்வந்தார்கள்.

இந்தப் பயணத்தில் அகப்பட்டுக்கொண்டவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தும் ஒருவர். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் பிரேக் மாஸ்டர். பயிற்சிக் காரில் கற்பவருக்கு ஒரு பிரேக், அருகில் அமரும் அவருக்கு ஒரு பிரேக் என இரண்டு உண்டு. பல ஆண்டுகள் அதை மிதித்துப் பழகியதால், அச்சம் வந்தால் எங்கிருந்தாலும் அவருடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தும். பல் மருத்துவரின் நாற்காலியிலும் அழுத்தும், மின்தூக்கியிலும் அழுத்தும். மகளுக்குச் சம்பந்தம் பேசி முடித்த அன்று, மேசைக்கடியில் சம்பந்தியின் பாதத்தையே அழுத்திவிட்டது.

அந்தச் சம்பந்திதான் சங்கத்தின் தலைவர். நகரம் முழுவதும் கடைகள் வைத்துக் குழாய்களும் குளியல் தொட்டிகளும் விற்பவர்.

"சம்பந்தி, இந்த வருஷம் நீங்களும் எங்ககூடத் தீவுக்கு வர்றீங்க" என்றார் அவர்.

"எனக்கு நீச்சல் தெரியாதே, சம்பந்தி."

"ரொம்ப நல்லதாப் போச்சு. முழங்கால் தண்ணிதான். நீச்சல் தெரிஞ்சவங்கதான் தேவையில்லாம ஆழத்துக்குப் போயிடறாங்க."

வீட்டில் மனைவி முடிவாகச் சொல்லிவிட்டார். "போயிட்டு வந்துடுங்க. மாட்டேன்னா அவர் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவார். கல்யாணம் முடியட்டும், அப்புறம் உங்க இஷ்டம்."

மகள் சிரித்தாள். "அப்பா, மீனுக்கும் கிளட்ச் மிதிக்கச் சொல்லிக் குடுத்துட்டு வந்துடாதீங்க."

முன்பயிற்சி சம்பந்தியின் கடைக்குப் பின்னாலிருந்த வாகன நிறுத்தத்தில் நடந்தது. விலைபோகாமல் கிடந்த நீலக் குளியல் தொட்டி ஒன்று கடலாக நியமிக்கப்பட்டது. தொட்டியைச் சுற்றி, சட்டை முழுக்கப் பைகள் தைத்த பெரியவர்கள் நின்றுகொண்டு தூண்டில் கோல்களை வீசினார்கள். சங்கத்தின் செயலாளர் சொல்லாட்சி வகுப்பு எடுத்தார். அவர் வரித்துறையில் உயர்பதவி வகித்து ஓய்வு பெற்றவர்.

"இங்க யாரும் மீனைப் பிடிக்கிறதில்லை. சந்திக்கிறோம். மீன்னு சொல்றதும் மரியாதை இல்லை. விருந்தாளி."

"வாயில முள்ளு குத்தித்தானே சார் சந்திக்கிறோம்?" என்று பிரேக் மாஸ்டர் கேட்டார். அறிந்துகொள்ளவேண்டும் என்ற ஆர்வத்தைத் தவிர அவருக்கு வேறு நோக்கம் இல்லை.

"அது அறிமுகம்" என்றார் செயலாளர்.

தீவில் இறங்கியதும் படகுத்துறையிலேயே தலைவர் உரையாற்றினார். எதிரே, கடலிலிருந்து மணல்திட்டால் பிரிந்து, கண்ணாடிபோல் தெளிந்த ஒரு கடற்கழி விரிந்து கிடந்தது. முழங்கால் அளவுத் தண்ணீரில் பாரை மீன்கள் நிழலோடு திரிந்தன.

"இந்தக் கழியைத் தீவு நிர்வாகம் ஏன் நம்ம கையில குடுத்திருக்கு? நம்ம கையால ஒரு விருந்தாளிகூடச் செத்ததில்லை. அந்த ஒரே நம்பிக்கைதான். என்னிக்கு ஒண்ணு செத்துதோ, அன்னிக்கே ஒப்பந்தம் ரத்து. மறுநாளே இவங்க வலையைத் தூக்கிக்கிட்டுத் தண்ணியில இறங்கிடுவாங்க. இயற்கையை இவங்ககிட்டேயிருந்து காப்பாத்தத்தான் நாம இவ்வளவு தூரம் வர்றோம்."

'இவங்க' என்று அவர் சுட்டிக்காட்டியவர்கள், அவருடைய பெட்டிகளைத் தலையில் வைத்துக்கொண்டு, அவர் பேசி முடிப்பதற்காகக் காத்திருந்தார்கள்.

விடுதியில் உணவுக்கு டப்பா மீன் வந்தது. கழியின் மீனை உண்பது அறநெறிக்குப் புறம்பு என்பதால், வேறொரு கடலில் பிடித்து, வேறொரு நாட்டில் அடைத்த மீனைக் கப்பலில் வரவழைத்திருந்தார்கள். டப்பாவின்மேல் ஒட்டியிருந்த தாளில் ஒரு மீன் துள்ளியது. அன்று மேசைக்கு வந்தவற்றுள் உயிர்ப்புடன் இருந்தது அது ஒன்றுதான்.

சமையற்கட்டைப் பார்த்துக்கொண்ட அம்மாள் அந்தத் தீவைச் சேர்ந்தவர். கழியின் கரையிலேயே அவருடைய வீடு இருந்தது. பிரேக் மாஸ்டர் தட்டைக் கழுவப் போன இடத்தில் அவரிடம் பேச்சுக் கொடுத்தார்.

"ஏம்மா, சுத்திலும் கடலை வச்சுக்கிட்டு டப்பா மீனா?"

"கழியில வலை போட்டா அபராதம், சார். வெளிக்கடலுக்குப் போக எங்ககிட்டப் பெரிய படகு இல்லை. கப்பல் வந்தா டப்பா வரும். வரலைன்னா அதுவும் இல்லை."

"அப்ப பசங்களுக்கு என்ன குடுப்பீங்க?"

"ஜன்னலைத் திறந்து வச்சு, மீன் ஓடறதைக் காட்டிக்கிட்டே வெறுஞ்சோத்தை ஊட்டிடுவேன். ரெண்டு வாய் கூட இறங்கும்" என்று சொல்லி அம்மாள் சிரித்தார். மாஸ்டரும் சிரித்தார். பிறகு, எதற்குச் சிரித்தோம் என்று தெரியாமல் தட்டை மறுபடியும் கழுவினார்.

கழியில் இறங்கிய நாள்தொட்டு மாஸ்டரின் தூண்டில் எந்த மீனையும் தொடவில்லை. அது முதலில் அவருடைய தொப்பியைப் பிடித்தது. அடுத்து, சங்கத்தின் மருத்துவ உறுப்பினருடைய காதுமடலோடு அறிமுகம் செய்துகொண்டது. அவர் தோல் மருத்துவர்; தம் காதுக்குத் தாமே களிம்பு எழுதிக்கொடுத்துக்கொண்டு, அன்று முதல் மாஸ்டரிடமிருந்து எட்டியே நின்றார். தலைவருக்கும் அந்த ஆண்டு ஒன்றும் சிக்கவில்லை. சங்கத்தின் முகம் நாளுக்கு நாள் சுருங்கியது.

சனிக்கிழமை காலையில், மாஸ்டர் காலணிக்குள் புகுந்த மணலைத் தட்டுவதற்காகத் தூண்டில் கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்தார். கவனிப்பாரற்றுத் தண்ணீரில் கிடந்த இறகுப்பூச்சியை ஒரு பெரிய பாரை கவ்விக்கொண்டு ஓடியது. மாஸ்டரின் வலது கால் தண்ணீருக்கடியில் மணலை அழுத்தியது. வண்டி நிற்கவில்லை. அவர் ஒற்றைக் காலணியோடு கழி முழுவதும் இழுபட்டார். எப்படியோ நெடுநேரப் போராட்டத்துக்குப் பிறகு மீன் களைத்து அவர் கைக்கு வந்தது.

"தூக்கிப் பிடிங்க சம்பந்தி, தூக்கிப் பிடிங்க" என்று கூவிக்கொண்டே தலைவர் ஓடிவந்தார். சங்கம் முழுவதும் கூடிவிட்டது.

மீனை விரைவாகத் தண்ணீரில் விடவேண்டும் என்பது சங்கத்தின் விதி. விடுவதற்குமுன் வரவேற்புரை, அளவை, படம், மன்னிப்புரை ஆகியவை முறைப்படி நடந்தேறவேண்டும் என்பதும் சங்கத்தின் விதி. இரண்டையும் ஒரே குழுதான் இயற்றியது.

செயலாளர் வரவேற்றார். "பெருங்கடலின் பிரதிநிதியாக வருகை தந்திருக்கும் விருந்தினரை, சங்கத்தின் சார்பிலும், செயற்குழுவின் சார்பிலும், வர இயலாமற்போன புரவலர்களின் சார்பிலும்..." என்று தொடங்கி, புரவலர்களின் பெயர்களை மூப்பு வரிசையில் அடுக்கினார். மாஸ்டரின் கைகளுக்குள் மீன் புது எஞ்சினைப்போல் துடித்தது. தோல் மருத்துவர் நீளத்தை அளந்தார். தலைவர் நாடாவை இன்னும் கொஞ்சம் தளர்த்திப் பிடிக்கச் சொன்னதால் மறுபடியும் அளந்தார். பிறகு படம். வெயில் தவறான பக்கம் இருந்தது. எல்லோரும் திரும்பி நின்றார்கள். தலைவரின் தொப்பி நிழல் முகத்தில் விழுந்தது. வேறு தொப்பி கொண்டுவர ஆள் போயிற்று. உறுப்பினர் ஒவ்வொருவரும் மீனின் வாலில் ஒரு விரல் வைத்துத் தனித்தனியே நின்றார்கள். எஞ்சின் விட்டு விட்டு ஓடியது. தலைவர் புதுத் தொப்பியோடு மன்னிப்புரையைத் தொடங்கினார்.

"விருந்தாளியே, உனக்கு வலித்திருந்தால் பொறுத்துக்கொள். உன்னை உண்பவர்கள் கையில் நீ அகப்படவில்லை. உன்னை மதிப்பவர்கள் கையில் அகப்பட்டாய். அந்த வகையில் நீ கொடுத்துவைத்தவன்..."

மேடேறும்போது நின்றுபோகும் வண்டியைப்போல் மீன் ஒரு குலுக்குக் குலுக்கியது. அதன்பிறகு ஒன்றுமில்லை. எஞ்சின் அணைந்த வண்டி எப்படி இருக்கும் என்பது மாஸ்டருக்குத் தெரியும். அதுதான் அவருடைய தொழில்.

"சம்பந்தி, மீன் அசையலை."

"விருந்தாளி."

"விருந்தாளி அசையலை."

"நம்மமேல நம்பிக்கை வந்துடுச்சு. அதான் அமைதியா இருக்கு. நடுவுல பேசாதீங்க, மன்னிப்பு இன்னும் பாதிகூட ஆகலை."

மன்னிப்பு முழுவதும் ஆனபின் மீனைத் தண்ணீரில் விட்டார்கள். அது மல்லாந்து மிதந்தது. செயலாளர் அதை நிமிர்த்தி ஆழத்தைப் பார்த்துத் தள்ளினார். அலை அதைத் திருப்பி அவர் காலடியிலேயே கொண்டுவந்து சேர்த்தது. இன்னொருவர் தள்ளிப் பார்த்தார். மறுபடியும் வந்தது.

"மல்லாந்து நீந்துது" என்றார் செயலாளர்.

"ஓய்வெடுக்குது" என்று தலைவர் திருத்தினார். "டாக்டர், நீங்க பாத்துச் சொல்லுங்க."

தோல் மருத்துவர் குனிந்து, மீனின் வயிற்றை ஒரு விரலால் தடவினார். "நல்ல பளபளப்பு. வறட்சியே இல்லை."

"உயிர் இருக்கா டாக்டர்?" என்று மாஸ்டர் கேட்டார்.

"அது என் துறை இல்லை. ஆனா தோலை வச்சுப் பாத்தா, இல்லைன்னு சொல்றதுக்கு இடமில்லை."

விருந்தினர் ஓய்வெடுக்கிறார் என்று அறிவிக்கப்பட்டது. சங்கம் கைதட்டியது. கைதட்டியவர்களுள் மாஸ்டரும் ஒருவர்.

மாலையில், சமையற்கட்டின் பின்கதவருகே அம்மாள் அவரை அழைத்து ஒரு சிறு தட்டை நீட்டினார். பொரித்த மீன் துண்டு ஒன்று ஆவி பறக்க இருந்தது.

"காலையில நீங்க விட்டதுதான், சார். கரையில எங்க வீட்டு வாசல்லயே ஒதுங்கிடுச்சு. காக்கா கொத்தறதுக்குள்ள எடுத்துட்டேன். பசங்க இன்னிக்கு ஜன்னலைப் பாக்கவே இல்லை." சற்றுத் தயங்கி, "செத்துக் கிடந்ததைத்தான் எடுத்தேன். நீங்க பாத்தீங்கல்ல?" என்றார்.

"பாத்தேம்மா. என் கையிலதானே போச்சு" என்றார் மாஸ்டர். துண்டை அங்கேயே நின்றபடி தின்றார். அத்தனை நாளும் அந்தத் தீவில் அவர் உண்டவற்றுள் அது ஒன்றுதான் உணவு. முள்ளைக்கூடச் சப்பிவிட்டுத்தான் போட்டார்.

மறுநாள் காலையில் செயலாளர், நடைப்பயிற்சியின்போது, அம்மாள் வீட்டுக் குப்பையில் பாரை மீனின் எலும்பைக் கண்டார். சற்று நேரத்தில் விடுதியின் உணவுக்கூடம் விசாரணை மன்றமாயிற்று. தீவு நிர்வாகத்தின் அதிகாரியும் வரவழைக்கப்பட்டார். அவர் மேசையின் ஓரத்தில் அமர்ந்து, தமக்கு வைக்கப்பட்ட பிஸ்கட்டுகளை ஒவ்வொன்றாகத் தேநீரில் நனைத்தார்.

விசாரணைக்குமுன் தலைவர் மாஸ்டரின் தோளில் கைபோட்டு வராந்தாவுக்கு அழைத்துப்போனார். "மண்டபத்துக்குச் சொல்லியாச்சு. பத்திரிகையும் அச்சுக்குப் போயாச்சு. ரெண்டு குடும்பமும் ஒண்ணுக்கொண்ணு விட்டுக்குடுக்காம இருந்தாத்தான் சம்பந்தி நல்லது. நான் வேற என்ன சொல்லப்போறேன்?" வேறொன்றும் அவர் சொல்லவில்லை.

உள்ளே செயலாளர் குற்றச்சாட்டைப் படித்தார்: சங்கத்தின் விருந்தினர் ஒருவரை, அவர் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த வேளையில், கொன்று சமைத்தது.

"நான் எடுக்கிறப்ப அது மல்லாந்து கிடந்துச்சு, சார். ஈ மொய்ச்சுது" என்றார் அம்மாள்.

"ஓய்வெடுக்கிறவர்மேல ஈ உக்காரக்கூடாதுன்னு எங்கேயாவது சட்டம் இருக்கா? கத்தியை வைக்கிறதுக்கு முன்னால, உயிர் இருக்கான்னு ஒரு டாக்டர்கிட்டக் கேட்டீங்களா?"

"மீனுக்கு எதுக்கு சார் டாக்டர்?"

"பாருங்க, இதுதான் இவங்க மனநிலை" என்று தலைவர் அதிகாரியிடம் வருத்தத்தோடு சொன்னார். "நாங்க ஒரு மீனுக்கு டாக்டரையே கூட்டிக்கிட்டு வர்றோம். இவங்களுக்கு அது வெறும் சாப்பாடு. பசிக்கிறவங்ககிட்ட இயற்கையை ஒப்படைச்சா என்ன ஆகும்கிறதுக்கு இந்த எலும்பு ஒண்ணு போதும்."

அம்மாள் திரும்பினார். "இந்த சாரைக் கேளுங்க. அவர் கையிலதான் இருந்துச்சு. அவருக்குத் தெரியும்."

அதிகாரி பிஸ்கட்டைக் கீழே வைத்தார். அன்று அந்தக் கூடத்தில் கேட்கப்பட்ட நேர்மையான கேள்வி அவர் கேட்டது ஒன்றே. "உங்க கையை விட்டுப் போறப்ப மீன் உயிரோட இருந்துச்சா?"

செத்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்; ஒப்பந்தம் ரத்தாகும், கழி தீவுக்காரர்களிடம் திரும்பும், அம்மாள்மேல் குற்றம் நிற்காது. இவையெல்லாம் அங்கிருந்த அனைவருக்கும் தெரியும். ஆகவே அனைவரும் மாஸ்டரின் வாயையே பார்த்தார்கள். மேசைக்கடியில் அவருடைய வலது கால் தன்னாலானமட்டும் தரையை அழுத்தியது.

"உயிரோடதான் இருந்துச்சு" என்றார்.

யாரும் கேளாமலேயே இன்னொன்றையும் சேர்த்தார். "வாலை ஆட்டுச்சு."

தலைவர் கண்ணை மூடித் திறந்தார். செயலாளர் அம்மாளின் பக்கம் சாய்ந்து, "இதுல இன்னும் யாரெல்லாம் பங்கு? யாரெல்லாம் தின்னீங்க?" என்றார்.

அம்மாள் மாஸ்டரைப் பார்த்தார். நெடுநேரம் பார்க்கவில்லை, ஒருவர் அங்கே இருக்கிறாரா என்று உறுதிசெய்துகொள்ளும் அளவுக்குத்தான் பார்த்தார்.

"நானும் என் பசங்களும்தான் சார். வேற யாரும் இல்லை."

மாஸ்டர் எழுந்து நின்று, நானும் தின்றேன் என்று சொல்லியிருக்கலாம். அவர் எழவில்லை. மேசைவிரிப்பில் ஒரு நூல் பிரிந்திருந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தீர்மானங்கள் ஒருமனதாக நிறைவேறின. அம்மாள் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். விருந்தினர்களை இனி ஒருவரும் தீய எண்ணத்தோடு நோக்காதிருக்கும்பொருட்டு, கழியைப் பார்த்த அவர் வீட்டு ஜன்னலுக்குப் பலகை அடிக்க ஆணையிடப்பட்டது. மறைந்த விருந்தினருக்கு ஒரு நிமிட மௌனம் கடைப்பிடிக்கப்பட்டது. ஒப்பந்தத்தை நீட்டித்துக் கையொப்பமிட்ட அதிகாரி, "தெளிவான சாட்சி" என்று மாஸ்டரைப் பாராட்டினார்.

கப்பல் புறப்படும் நாளில், மாற்று ஆள் வராததால், வழிச்சாப்பாட்டை அம்மாளே கட்டவேண்டியதாயிற்று. பொட்டலத்தை மாஸ்டர் கையில் கொடுத்தபோது, "பொண்ணுக்குக் கல்யாணம்னு சொன்னாங்க. நல்லபடியா நடக்கட்டும், சார்" என்றார். குரலில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் மாஸ்டருக்கு ஓர் ஆறுதலாக இருந்திருக்கும். பொட்டலத்தை அவர் வழிநெடுகப் பிரிக்கவில்லை.

ஊர் திரும்பியதும் சங்கம் அவருக்குச் சிறந்த விடுவிப்பாளர் என்று பதக்கம் அணிவித்தது. சம்பந்தி, மீனோடு எடுத்த அந்தப் படத்தைக் கதவளவு பெரிதாக்கிச் சட்டமிட்டு வீட்டுக்கே அனுப்பினார். கல்யாண மண்டபத்தின் வாசலில் வைப்பதற்காம்.

மகள் படத்தின்முன் நின்றாள். "அப்பா, இது செத்த மீன்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பாத்தா தெரியாதா?"

மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். தின்ற துண்டையும் சொன்னார். மகள் சிரிக்கவில்லை.

"எனக்காகவா அப்படிச் சொன்னீங்க?"

"ஆமாம்மா."

"நான் கேட்டேனா? இல்லைன்னா கல்யாணம் நின்னுடும்னு யாராவது சொன்னாங்களா?"

"யாரும் சொல்லலை."

அவள் அப்போதே மாப்பிள்ளைப் பையனைத் தொலைபேசியில் அழைத்தாள். அப்பாவின் காதிலும் விழட்டும் என்று ஒலியைக் கூட்டிவைத்தாள். பையன் பெரிதாகச் சிரித்தான். "எங்கப்பா எடுத்துக்கிட்டு வர்ற படத்துல எல்லா மீனும் செத்ததுதான். எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியுமே. அதுக்கும் நம்ம கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம்?"

மகள் தொலைபேசியை வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். மிரட்டாத மிரட்டலுக்கு அஞ்சி, கேட்காத விலையைக் கொடுத்து, தேவைப்படாத ஒன்றை அவர் வாங்கிவந்திருந்தார். விலையைக் கொடுத்தவரும் அவர் அல்லர்.

மறுநாள் அவர் தீவு அதிகாரியைத் தொலைபேசியில் அழைத்தார்.

"நான் சொன்னது பொய், சார். மீன் செத்துடுச்சு."

"அப்படியா? எப்ப?"

"அன்னிக்கேதான். என் கையிலேயே."

"அன்னிக்கு உயிரோட இருந்ததா நீங்களே சொல்லி முடிவும் ஆயிடுச்சு. அதுக்கப்புறம் செத்திருந்தா, அது உங்க பொறுப்பு இல்லை. மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க."

"அந்த அம்மா..."

"எந்த அம்மா?" என்றார் அதிகாரி.

கல்யாணம் நடந்தது. படம் வாசலில் நின்றது. வந்தவர்கள் அனைவரும் அதைப் பார்த்தார்கள், பார்த்தவுடன் புரிந்துகொண்டார்கள், பெரிய மீன் என்று பாராட்டிவிட்டுப் பந்திக்குப் போனார்கள். அந்தத் தீவில் ஒரு ஜன்னல் இன்றும் பலகை அடித்தபடியே இருக்கிறது. சங்கம் அடுத்த பயணத்துக்கு ஆள் சேர்க்கிறது.

வாசகரே, உங்களிடம் ஒன்று கோரவேண்டும். உங்களையும் ஒரு நாள் ஒரு மேசைக்கு முன்னால் அமர்த்துவார்கள். அங்கே இருப்பது மீனாக இராது. உங்கள் அலுவலகத்துக்கு ஏற்ற வேறு ஏதோ ஒன்று மல்லாந்து கிடக்கும். தலைவர் அதை ஓய்வு என்பார். நிபுணர் தம் துறை இல்லை என்பார். உங்களிடம் கேட்கப்படும் கேள்வி மிகச் சிறியதாக இருக்கும். சுவரோரம் நிற்கும் ஒருவர் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். அப்போது காலால் தரையை அழுத்திக்கொண்டிராதீர்கள். செத்துவிட்டது என்று சொல்லுங்கள். கூடத்தில் உள்ள எல்லோருக்கும் கேட்கும்படி, அந்த இடத்திலேயே, சொல்லுங்கள்.